வாயிலில் நிற்கும் மருத்துவர்

மாநகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் துறைமுகத்தையும் கோட்டையையும் ஆலைகளையும் இருப்புப்பாதையையும் பற்றி விரிவாக எழுதுவர். மருத்துவமனைகளின் வரலாற்றை எழுதுவோர், அவற்றைக் கட்டிய வள்ளல்களையும் அங்கு அரிய அறுவைகள் செய்த அறிஞர்களையும் போற்றுவர். இவையெல்லாம் தக்கனவே. ஆனால் நள்ளிரவில், பெயரும் ஊரும் அறியாத ஒருவனைக் குருதி வடிய நால்வர் சுமந்துகொண்டு ஓடிவரும்போது, மருத்துவமனை வாயிலில் அவனை முதலில் எதிர்கொள்பவர் யார்? அப்பணியை அவருக்குக் கற்பித்தவர் யார்? இவ்விரண்டு வினாக்களுக்கும் தக்க விடை கிடைக்க மும்பை மாநகரம் நெடுங்காலம் காத்திருந்தது. அக்காத்திருப்பின் வரலாற்றையே ஈண்டு சொல்லப் புகுகின்றோம்.

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் இதனை எழுதுவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் என்பது வள்ளுவர் வகுத்த முறை. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. சொந்த ஊரில் வாழ்வோர்க்கு அந்த நான்காமவன் இயல்பாகவே வாய்க்கின்றான். அண்ணனோ, மாமனோ, அண்டை வீட்டானோ ஓடி வருவான். பிழைப்பு நாடி வந்த நகரில் ஒற்றை அறையில் வாழ்பவனுக்கு நான்காமவன் எளிதில் அமைவதில்லை. தன் வலியை எடுத்துரைக்க மொழியும் அவனுக்குத் துணை செய்வதில்லை. ஆதலின் அவனுடைய உயிர், வாயிலில் நிற்கும் மருத்துவரின் பயிற்சியையே முழுதும் சார்ந்து நிற்கின்றது.

ஓர் இரவு

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல நமக்கு மனம் வரவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் முதிர்ந்த பெரியவர் ஒருவர் நம் அண்டையில் வாழ்ந்தார். மழைக்கால இரவொன்றில் அவருக்கு நெஞ்சில் நோவு கண்டது. டாக்சி பிடித்து அவரை ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். “நெஞ்சு கரிக்குது தம்பி, வாயு பிடிச்சிருக்கு” என்றார் அவர். நமக்கு அப்போது தெரிந்திருந்த அரைகுறை இந்தியில் ‘கேஸ்’ என்ற ஒரே சொல்லால் அதனை மொழிபெயர்த்தோம். அங்கிருந்தவர் அண்மையில் படிப்பை முடித்த இளைஞர். கூடம் நிரம்ப நோயாளிகள் காத்திருந்தனர். அவர் ஒரு குப்பியில் வயிற்றெரிச்சல் மருந்தைக் கொடுத்து அனுப்பினார். விடியுமுன் பெரியவர் உயிர் நீத்தார்.

அவ்விளைஞரைக் குறை கூறுவது நம் கருத்தன்று. ஐயுறவு தோன்றியிருந்தால் அவர் திரும்பிப் பார்த்துக் கேட்க, அந்த அறையில் அவருக்கு மூத்தவர் எவரும் இல்லை. மாரடைப்பு ‘வாயு’ என்னும் வேடம் பூண்டு வரும் என்பதை அவ்வாயிலில் வைத்து அவருக்குக் கற்பித்தவரும் இல்லை. நாம் மொழிபெயர்த்த அந்த ஒரு சொல் மட்டும் இன்றளவும் நம் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருக்கின்றது.

பள்ளியும் மொழியும்

பம்பாயில் ஆங்கில மருத்துவக் கல்வி தொடங்கிய கதையிலேயே மொழிச் சிக்கலும் தொடங்கிவிட்டது. 1826-ல் இங்கு நாட்டு மொழிகளில் பாடம் சொல்லும் மருத்துவப் பள்ளி ஒன்று ஏற்பட்டது. ஆறே ஆண்டுகளில், 1832-ல், அது மூடப்பட்டது. பின்னர் 1845-ல் கவர்னர் ராபர்ட் கிராண்டின் பெயரால் கிராண்ட் மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. ஜம்சேட்ஜி ஜீஜீபாயின் கொடையால் எழுந்த ஜே.ஜே. மருத்துவமனை அதன் பயிற்சிக் களமாயிற்று. 1851-ல் முதல் மாணவர் குழு பட்டம் பெற்று வெளிவந்தது. வரலாற்றறிஞராகவும் விளங்கிய பாவு தாஜி லாட் அக்குழுவில் ஒருவர். கல்லூரியின் மொழி ஆங்கிலமாயிற்று. அதன் பயனாக உலகின் அறிவு நம் மருத்துவர்களுக்குக் கைவந்தது. ஆயினும் நோயாளியின் நாவும் மருத்துவரின் ஏடும் இரு வேறு மொழிகளாகப் பிரிந்தன.

இந்நகரின் மருத்துவர்கள் இடர்ப்பாட்டிற்கு அஞ்சி ஒதுங்கியவர் அல்லர். 1896-ல் மாண்டவிப் பகுதியில் கண்ட காய்ச்சலைப் பிளேக் என்று முதலில் அறிந்து கூறியவர் அகாசியோ வியேகாஸ் என்னும் மருத்துவர். கிராண்ட் கல்லூரியின் சிற்றறை ஒன்றில் உழைத்து அந்நோய்க்குத் தடுப்பூசி கண்ட ஹாப்கின், 1897 ஜனவரி 10-ஆம் நாள் அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். 1926-ல் பரேலில் கே.இ.எம். மருத்துவமனை திறக்கப்பட்டது. அதனோடு இணைந்த கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் கல்லூரியில் இந்தியரே ஆசிரியராதல் வேண்டும் என்பது கொடையாளர் தரப்பின் நிபந்தனை. 1947-ல் படை வீரர்களுக்கெனக் கட்டிய கொட்டகைகளில் ஐம்பது படுக்கைகளோடு தொடங்கிய சயான் மருத்துவமனை 1964-ல் கல்லூரியும் பெற்றது. தாராவிக்கு அருகில் உள்ள அம்மருத்துவமனையை அறியாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் அரிது.

இத்தகைய பெருமைகள் இருந்தும் ஒரு குறை நீங்கவில்லை. கற்பித்தல் எல்லாம் படுக்கைக் கூடங்களில் நடந்தது. காலையில் பேராசிரியர் வருவார். மாணவர் குழாம் அவர் பின்னே செல்லும். ஒவ்வொரு கட்டிலருகிலும் பாடம் நடக்கும். ஆனால் விபத்தும் மாரடைப்பும் பேராசிரியர் வரும் வேளை பார்த்து வருவனவோ? ‘காஷுவல்டி’ என வழங்கிய வாயிற் பகுதியில் பெரும்பாலும் வயதில் இளையவரே நின்றனர். அவர் நோயாளியை அறுவைப் பிரிவிற்கோ எலும்புப் பிரிவிற்கோ அனுப்பி வைப்பார். போலீசாருக்கு உரிய தாள்களை எழுதுவார். வாயில் என்பது கடந்து செல்லும் இடமாக எண்ணப்பட்டதேயன்றிக் கற்கும் இடமாக எண்ணப்படவில்லை.

பேரிடர் கற்பித்த பாடம்

1944 ஏப்ரல் 14-ஆம் நாள் மாலை நான்கு மணியளவில் விக்டோரியா கப்பல் துறையில் நின்றிருந்த ‘போர்ட் ஸ்டிகின்’ என்னும் கப்பல் வெடித்தது. பஞ்சுப் பொதிகளோடு ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளையும் அது ஏற்றி வந்திருந்தது. அரை மணிக்குள் இரண்டாம் வெடிப்பும் நிகழ்ந்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். காயமுற்றோர் ஆயிரக்கணக்கில் மருத்துவமனைகளை வந்தடைந்தனர். ஒரே பொழுதில் ஆயிரம் பேர் வந்து சேர்ந்தால் யாரை முதலில் பார்ப்பது?

இக்கேள்விக்கு முன்பே ஒரு விடை பிறந்திருந்தது. நெப்போலியனின் படை மருத்துவராகிய லாரே என்பவர் 1792-ல் குதிரை பூட்டிய விரைவு வண்டிகளைப் போர்க்களத்திற்குள்ளேயே செலுத்திக் காயமுற்றோரை எடுத்து வந்தார். படைத்தலைவனா, சிப்பாயா என்று பாராமல் காயத்தின் கொடுமை ஒன்றையே நோக்கி முறைப்படுத்த வேண்டும் என்று வகுத்தவரும் அவரே. ‘ட்ரையாஜ்’ என இன்று வழங்கும் தரம் பிரிக்கும் முறைக்கு அதுவே வித்து. ஆனால் போர்க்களத்தில் முளைத்த அவ்வித்து நகர மருத்துவமனைகளில் வேரூன்ற ஒன்றரை நூற்றாண்டிற்கு மேலாயிற்று.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1952-ல் மாரிஸ் எல்லிஸ் என்பவர் விபத்துப் பகுதிக்கென்றே முழுநேர மூத்த மருத்துவராக அமர்ந்தார். 1961-ல் அமெரிக்காவின் அலெக்சாண்டிரியா நகரில் ஜேம்ஸ் மில்ஸ் என்பவரும் அவர் தோழர் மூவரும் தம் சொந்தத் தொழிலை விட்டு, இரவும் பகலும் வாயிற் பகுதியிலேயே பணி செய்ய முன்வந்தனர். 1970-ல் சின்சினாட்டிப் பல்கலைக்கழகம் இத்துறைக்கென முதல் உறைவிடப் பயிற்சியைத் தொடங்கிற்று. 1979-ல் அந்நாடு அவசர மருத்துவத்தைத் தனித் துறையாக ஏற்றுக்கொண்டது.

உறைவிட மருத்துவர் என்ற சொல்லிற்கும் ஒரு வரலாறு உண்டு. 1889-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தபோது, பட்டம் பெற்ற இளம் மருத்துவர்கள் அம்மனையிலேயே தங்கி, மூத்தோரின் கண்காணிப்பில் படிப்படியாகப் பொறுப்பேற்றுக் கற்கும் முறையை ஆஸ்லர், ஹால்ஸ்டெட் முதலியோர் அமைத்தனர். நம் குருகுல வாசத்தை ஒத்த முறை இது. அறுவை கற்பவருக்கு அறுவை ஆசானும், குழந்தை மருத்துவம் கற்பவருக்கு அத்துறை ஆசானும் அமைந்தனர். வாயிலில் நிற்பவருக்கு மட்டும் நெடுங்காலம் ஆசான் அமையவில்லை.

நீதிமன்றம் திறந்த கதவு

இந்தியாவில் இக்குறையை முதலில் உரக்க எடுத்துரைத்தது நீதிமன்றம் என்பது வியப்பிற்குரியது. ஸ்கூட்டரில் சென்ற ஒருவர் கார் மோதி வீழ்ந்தார். அவரைச் சேர்க்கச் சென்ற மருத்துவமனை, சட்டச் சிக்கல் உள்ள வழக்குகளை ஏற்கும் அதிகாரம் பெற்ற வேறு மருத்துவமனைக்குச் செல்லுமாறு சொல்லிற்று. அது இருபது கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. வழியிலேயே அவர் இறந்தார். இச்செய்தி எழுப்பிய பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-ல் உச்ச நீதிமன்றம், போலீஸ் நடைமுறைகளுக்காகக் காத்திராமல் உயிரைக் காப்பதே ஒவ்வொரு மருத்துவரின் முதற்கடமை என்று தீர்ப்பளித்தது.

1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக இடமில்லை என்றும் வசதியில்லை என்றும் அவரைத் திருப்பி அனுப்பின. முடிவில் தனியார் மருத்துவமனையில் பொருள் செலவிட்டே அவர் பிழைத்தார். 1996-ல் அவ்வழக்கை முடித்த உச்ச நீதிமன்றம், உரிய வேளையில் அவசர மருத்துவம் பெறுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உறுதி செய்தது. அத்தொழிலாளிக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது.

கதவைத் திறக்க நீதிமன்றத்தால் இயலும். கதவின் பின்னே தகுந்த ஆளை நிறுத்த அதனால் இயலாது. அதனைக் கல்வியே செய்தல் வேண்டும். 1993 மார்ச் 12-ஆம் நாள் தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர் மாண்டபோதும், 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி நகரம் மூழ்கியபோதும், 2006 ஜூலை 11-ஆம் நாள் மாலை நேர ரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்து நூற்றெண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதும், 2008 நவம்பரில் மருத்துவமனை ஒன்றினுள்ளேயே கொலைஞர் புகுந்தபோதும், இந்நகரின் உறைவிட மருத்துவர்கள் வேறு வேறு துறைகளிலிருந்து ஓடிவந்து உயிர்களைக் காத்தனர். அவர்தம் ஆண்மைக்கு எல்லையில்லை. ஆயினும் ஆண்மையையே நம்பி ஒரு நகரம் எத்தனை நாள் இருத்தல் கூடும்? 2009-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் அவசர மருத்துவத்தைத் தனித் துறையாக ஏற்றது. அமெரிக்கா ஏற்றுச் சரியாக முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. எம்.பி.பி.எஸ். முடித்தோர் மூன்றாண்டு பயின்று இத்துறையில் எம்.டி. பட்டம் பெறும் வழி அதன்பின் நாட்டில் பிறந்தது.

இன்றைய பயிற்சி

இம்மூன்றாண்டில் அவர் கற்பது யாது? நோயின் பெயரை அறிந்த பின்னரே மருந்து தருவது பிற துறைகளின் இயல்பு. பெயர் அறியுமுன்னரே உயிரைப் பிடித்து நிறுத்துவது இத்துறையின் இயல்பு. முதலில் மூச்சு வழி, அடுத்து மூச்சு, அதன்பின் குருதி ஓட்டம் என்னும் முறையை அவர் உறக்கத்திலும் மறவாதவாறு பயில்கின்றார். வருவோரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என நிறக் குறியிட்டுத் தரம் பிரிக்கின்றார். நெஞ்சு நோவோடு வந்தவருக்குப் பத்து நிமிடத்திற்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தல் வேண்டும். குருதி உறைந்து பக்கவாதம் கண்டவர் எனில், அவ்வுறைவைக் கரைக்கும் ஊசிக்கு உரிய காலம் நாலரை மணி நேரமே. மயக்க மருந்துத் துறை, தீவிர சிகிச்சை, எலும்பு, குழந்தை, மகப்பேறு எனப் பல பிரிவுகளிலும் சென்று பயின்று மீண்டும் வாயிலுக்கே திரும்புகின்றார். இறந்தவரின் உறவினரிடம் அச்செய்தியை எவ்வாறு சொல்வது என்பதும் அவர் கற்கவேண்டிய பாடமே.

மும்பை மேலும் சில பாடங்களைத் தருகின்றது. நெரிசல் மிக்க ரயிலிலிருந்து விழுந்தவர், தண்டவாளத்தைக் கடக்கையில் அடிபட்டவர், கட்டடச் சாரத்திலிருந்து வீழ்ந்தவர் நாள்தோறும் வருவர். மழை வெள்ளம் வடிந்த சில நாட்களில் எலிக் காய்ச்சல் வரும். மலேரியாவும் டெங்குவும் உடன் வரும். எல்லாவற்றிற்கும் மேலாக மொழி என்னும் பாடம் உண்டு. மராத்தி, குஜராத்தி, இந்தி, உருது, தமிழ், தெலுங்கு, கன்னடம், கொங்கணி ஆகிய அனைத்தும் ஒரே கூடத்தில் ஒலிக்கும். வலியின் சொற்களோ எளிதில் மொழிபெயர்ப்பிற்கு அடங்குவன அல்ல. தமிழன் ‘மயக்கம்’ என்றால் தலைசுற்றலா, நினைவிழந்து வீழ்ந்தானா என்று மீண்டும் கேட்டே அறிதல் வேண்டும். இந்தி பேசுவோர் ‘கப்ராஹட்’ என்றால் அது மன அச்சமாகவும் இருக்கலாம். இதயப் படபடப்பாகவும் இருக்கலாம். ஆதலின் நல்ல ஆசான் தம் மாணவருக்குச் சொல்வது இதுவே: சொல்லைக் கேள், ஆனால் சொல்லோடு நின்றுவிடாதே, முகத்தைப் பார், வியர்வையைப் பார், நாடியைத் தொடு.

மற்றோர் இரவு

இப்பாடம் பயன் தந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் தமையனாரை வேறொரு மருத்துவமனைக்கு நள்ளிரவில் கொண்டு சென்றோம். அவரும் “நெஞ்சு கரிக்குது” என்றே சொன்னார். உடன் வந்த இளைஞன் ஒருவன், நாம் அன்று செய்தவாறே, ‘கேஸ்’ என்று மொழிபெயர்த்தான். நமக்கு உடல் நடுங்கிற்று. வாயிலில் நின்றவர் மராட்டிய நாட்டுப் பெண். பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருந்தவர். அவர் அச்சொல்லைக் கேட்டுத் தலையசைத்தாரேயன்றி அதில் நிற்கவில்லை. நோயாளியின் நெற்றியில் கை வைத்தார். குளிர்ந்த வியர்வையைக் கண்டார். “அண்ணாச்சி, வலி எங்கே? கைக்கு வருதா?” என்று தமிழிலேயே கேட்டார். தமிழ் நோயாளிகளிடம் நாள்தோறும் கேட்டுக் கேட்டுக் கற்ற சில சொற்கள் அவை. அண்ணாச்சி தம் இடக்கையைத் தொட்டுக் காட்டினார். சில நிமிடங்களில் இ.சி.ஜி. எடுக்கப்பட்டது. அவருடைய மூத்த மருத்துவரும் அருகில் வந்து நின்றார். மாரடைப்பு என்பது தெரிந்தது. அண்ணாச்சி இன்றும் நலமாக வாழ்கின்றார்.

இரண்டு இரவுகளிலும் நோய் ஒன்றே. சொன்ன சொல்லும் ஒன்றே. தவறான மொழிபெயர்ப்பும் ஒன்றே. வேறுபட்டது வாயிலில் நின்றவர் பெற்றிருந்த பயிற்சியும், அவர் பின்னே நின்ற ஆசானுமே. இடையில் நடந்த வரலாறு முழுவதும் அவ்வேறுபாட்டினுள் அடங்கிவிடுகின்றது.

நாம் செய்யத் தக்கது

வரலாறு முற்றுப்பெற்றுவிட்டது என்று எண்ணுதல் தவறு. உறைவிட மருத்துவர் ஒருவரின் தொடர் பணி இயல்பாக 12 மணிக்கு மேற்படலாகாது, வாரத்திற்கு 48 மணி என்பதே அளவு என்று 1992-ஆம் ஆண்டின் மத்திய உறைவிடத் திட்டம் வகுத்தது. ஏட்டில் உள்ள அவ்வளவு பல இடங்களில் நடைமுறைக்கு வரவில்லை. 2024 ஆகஸ்டில் கல்கத்தாவில் பணியிலிருந்த பெண் மருத்துவர் ஒருவர் மருத்துவமனையிலேயே கொடுமைக்கு ஆளாகிக் கொலையுண்டது நாட்டையே உலுக்கிற்று. நமக்காக விழித்திருப்பவர்க்கு ஓய்வும் காவலும் அளிக்காத சமுதாயம், அவர்தம் விழிப்பை எதிர்பார்க்க உரிமை உடையதாகாது. துயரத்தின் வேகத்தில் மருத்துவர் மேல் கை ஓங்குவோர், அடுத்து வரும் நோயாளியின் உயிர் மேலும் கை ஓங்குகின்றனர்.

நம் அன்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டியவை சில. வழியில் அடிபட்டுக் கிடப்பவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல அஞ்ச வேண்டா. 2016-ல் உச்ச நீதிமன்றமும் 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் அவ்வாறு உதவுவோர்க்குப் பாதுகாப்பு அளித்துள்ளன. 108 என்னும் எண்ணை வீட்டில் சிறுவரும் அறிந்திருக்கட்டும். தனியே வாழும் முதியோர், தம் நோய், உண்ணும் மருந்து, உறவினர் தொலைபேசி எண் ஆகியவற்றை மராத்தியிலோ இந்தியிலோ ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கட்டும். மொழிபெயர்க்க உடன் செல்வோர் நோயாளியின் சொல்லைச் சுருக்காமல், அவர் சொன்னதைச் சொன்னவாறே கூறட்டும். அறியாத இடத்தில் ‘அறியேன்’ என்பதும் மொழிபெயர்ப்பாளரின் கடமையே. இதனை மிகுந்த விலை கொடுத்துக் கற்றோம் ஆதலின் அழுத்திச் சொல்கின்றோம்.

நம் சங்கம் செய்யத் தக்க பணி ஒன்றும் உண்டு. மராத்தியும் இந்தியும் தமிழும் நன்கறிந்த இளைஞர் சிலர், இரவில் அழைத்தால் மருத்துவமனைக்குச் செல்ல இசைந்து தம் பெயரைச் சங்க அலுவலகத்தில் பதிவு செய்தல் வேண்டும். வாயிலில் நிற்கும் மருத்துவர் தம் பயிற்சியால் இரண்டாமவராகிய தம் கடமையைச் செய்கின்றார். தமிழறியாத நிலையிலும் நாலு தமிழ்ச் சொல் கற்று நம்மவரை ‘அண்ணாச்சி’ என்று அழைக்கின்றார். அவர் அருகே நிற்கவேண்டிய நான்காமவராக நாம் செல்லுதல் முறையன்றோ? அடுத்த ஆண்டு விழாவிற்குள் அப்பட்டியலில் இருபது பெயரேனும் இடம்பெறுமாயின், அன்றொரு மழை இரவில் நாம் இழந்த பெரியவருக்கு அதுவே நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.